நாலாவது சக்கரம்

திருப்பூரில் எந்தத் தெருமுனைக்குப் போனாலும் ஒரு அயர்ன் வண்டி நிற்கும். பக்கத்திலேயே தக்காளி, வெங்காயம் ஏற்றிய தள்ளுவண்டி. சாயங்காலம் ஆனால் ஷிஃப்ட் விட்டு வருகிற கூட்டத்துக்காகக் கடலை வண்டி, போண்டா வண்டி. அந்த வண்டிகளின் மேல்பலகையை விட்டுவிட்டுக் கொஞ்சம் கீழே குனிந்து பாருங்கள். நாலு சக்கரம். நாலும் சைக்கிள் குடும்பத்துச் சொந்தக்காரர்கள்தான். அதே ரிம், அதே ஸ்போக்ஸ், அதே டயர். இல்லாத ஒன்று, பெடல்!

யோசித்தால் வேடிக்கைதான். இரண்டு சக்கரம் இருந்தால் மேலே ஏறி உட்கார்ந்து மிதிக்கிறோம். அதுவே நாலு சக்கரம் ஆனதும் இறங்கித் தள்ளுகிறோம். ஏன்? நாலு சக்கர சைக்கிள் என்று ஒன்றை உலகத்தில் யாருமே கண்டுபிடிக்கவில்லையா?

கண்டுபிடித்தார்கள். அதுவும் இன்றைக்கு நாம் ஓட்டுகிற சைக்கிள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னாலேயே. அதை ராஜகுடும்பம்கூட விரும்பி வாங்கிய காலம் ஒன்று உண்டு. பிறகு அது எங்கே போயிற்று, ஏன் நம் தெருவுக்கு வரவே இல்லை என்பது ஒரு சுவாரசியமான கதை. கொஞ்சம் சங்கடமான கதையும்கூட.

1817. ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தால் ஒரு வண்டி செய்தார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், நடுவில் உட்கார ஒரு கட்டை. பெடல் கிடையாது. காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். சைக்கிள் வம்சத்தின் கொள்ளுத் தாத்தா இதுதான். ஆனால் ஜனங்களுக்கு ஒரு பயம். விழுந்துவிடுவோமே!

விழாமல் இருக்க என்ன வழி? சக்கரத்தைக் கூட்டு. அவ்வளவுதான்! இங்கிலாந்தின் டோவர் துறைமுக ஊரில் வில்லார்ட் சாயர் என்று ஒரு தச்சர். அவர் நாலு சக்கர மிதிவண்டிகளைச் செய்ய ஆரம்பித்தார். தையல் மெஷினை மிதிப்பதுபோல மிதிகட்டைகளை மாற்றி மாற்றி அழுத்தினால், வளைந்த அச்சு ஒன்று சுற்றி வண்டி நகரும். 1851-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த உலகப் புகழ்பெற்ற கண்காட்சியில் சாயரின் வண்டியும் இடம் பிடித்தது. ஆக, நாலு சக்கர சைக்கிளுக்கு வயது நூற்று எழுபதுக்கும் மேல்.

அடுத்த கட்டம் நடந்தது கவென்ட்ரி என்ற ஊரில். திருப்பூர்க்காரர்கள் இந்த ஊரைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் கவென்ட்ரியும் ஒரு ஜவுளி ஊர்தான். பட்டு ரிப்பன் நெய்வதுதான் அங்கே பிழைப்பு. 1860-ல் பிரிட்டனும் பிரான்சும் வர்த்தக ஒப்பந்தம் ஒன்று போட்டன. பிரெஞ்சு ரிப்பனுக்கு இருந்த இறக்குமதி வரி போயிற்று. சரக்கு வந்து குவிந்தது. கவென்ட்ரியின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையில்லாமல் தெருவுக்கு வந்தன.

ஊர் என்ன செய்தது? தெரிந்த கைவேலையை வைத்துப் புதுத் தொழிலைப் பிடித்தது. தையல் மெஷின் கம்பெனி ஒன்று அங்கே வந்தது. அதில் முக்கியமான மூளை ஜேம்ஸ் ஸ்டார்லி. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தோட்டவேலை பார்த்து, கடிகாரம் ரிப்பேர் செய்து, மெஷின் மேதையாக மாறிய மனுஷர். 1868 வாக்கில் அந்தக் கம்பெனியின் பாரிஸ் ஏஜென்ட், அங்கே பிரபலமாகிக்கொண்டிருந்த பெடல் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, “இதைச் செய்து கொடுக்க முடியுமா?” என்று கேட்டார். தையல் மெஷின் செய்த கைகள் சைக்கிள் செய்ய ஆரம்பித்தன. தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் அப்படி ஒன்றும் தூரம் இல்லை. இரண்டும் காலின் அசைவைச் சுழற்சியாக மாற்றுகிற சமாச்சாரம்தானே!

ஸ்டார்லி இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிற வண்டி ஒன்றைச் செய்தார். ஒருநாள் அவரும் அவர் மகனும் அதில் கிளம்பினார்கள். மகன் வாலிபன், மிதி பலம். அப்பாவுக்கு வயசாகிவிட்டது. ஒரு பக்கத்துச் சக்கரம் வேகமாகச் சுற்ற, மறுபக்கம் பின்தங்க, வண்டி வளைந்து வளைந்து போய் ரோட்டோரப் புதரில் விழுந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து ஸ்டார்லி யோசித்தாராம்.

விஷயம் இதுதான். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடினால் போதும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டினால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டுதான் வரும். ஒரே சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்; ஆனால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றவும் விட வேண்டும். இதற்கு ஸ்டார்லி பல்சக்கரங்களை வைத்து 1877-ல் ஒரு அமைப்பைச் செய்து காப்புரிமை வாங்கினார். டிஃபரன்ஷியல்! அந்தத் தத்துவம் ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் சைக்கிள் செயினுக்கு அதை உருப்படியாகப் பொருத்தியவர் அவர். இன்றைக்கு அவிநாசி ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரியின் பின்அச்சிலும் உருண்டையாக ஒரு இரும்புப் பானை தொங்குகிறதே, அதற்குள் இருப்பது இதே சமாச்சாரம்தான்.

1881-ல் விக்டோரியா மகாராணி ஒரு தீவில் கோச் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். ஒரு இளம்பெண் ஸ்டார்லியின் பெடல் வண்டியில் அனாயாசமாக முந்திக்கொண்டு போனாள். விசாரித்த மகாராணி, தனக்கும் இரண்டு வண்டி அனுப்பச் சொன்னார். வந்தது விளம்பரம்! நீளப் பாவாடை கட்டிய பெண்கள், வயதானவர்கள், கௌரவமாகப் போக நினைக்கிறவர்கள் எல்லோரும் மூன்று, நாலு சக்கர வண்டிகளை வாங்கினார்கள். ஒன்றைக் கவனியுங்கள். மிதிப்பவர் யார் என்பதை மனதில் வைத்து அந்த வண்டிகள் உருவாயின. சீட்டு எங்கே இருக்க வேண்டும், பாவாடை எதில் மாட்டக் கூடாது, எவ்வளவு பலம் தேவைப்படலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஏனென்றால் மிதிப்பவர்தான் காசு கொடுப்பவர்.

பிறகு ஏன் அது காணாமல் போனது?

குடும்பத்துக்குள்ளிருந்தே எதிரி வந்தான். 1885-ல் ஸ்டார்லியின் அண்ணன் தம்பி வழிப் பையன் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுச் சக்கரங்கள், பின்சக்கரத்துக்குச் செயின். நாம் இன்றும் ஓட்டுவது அதைத்தான். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். எடை குறைவு, விலை குறைவு, ஒற்றையடிப் பாதையிலும் போகலாம், திண்ணையில் சாத்தி வைக்கலாம். நாலு சக்கர வண்டிக்கு எதிராக நாலு காரணம்! ஆட்டம் முடிந்தது.

நாலு சக்கர சைக்கிள் போனதே தவிர, அதன் உறுப்புகள் சாகவில்லை. 1896-ல் டெட்ராய்டில் ஹென்றி ஃபோர்டு தன் முதல் வண்டியை ஓட்டினார். நாலு சைக்கிள் சக்கரங்களுக்கு மேலே ஒரு சின்ன எஞ்சின். அதற்கு அவர் வைத்த பெயரே ‘குவாட்ரிசைக்கிள்’. மிதிவண்டிக்காகச் செய்த டிஃபரன்ஷியலைக் கார் எடுத்துக்கொண்டது. அப்புறம் அந்தக் கார் மிதிவண்டியையே ரோட்டோரத்துக்குத் தள்ளியது.

பெட்ரோல் இல்லாதபோது மட்டும் ஜனங்களுக்குக் காலின் ஞாபகம் வந்தது. பிரான்சில் சார்ல் மோஷே என்பவர் 1920-களில் தன் மகனுக்கு ஒரு பெடல் கார் செய்து கொடுத்தார். சைக்கிள் ஆபத்து என்று அம்மாவுக்குப் பயம்! அதைப் பார்த்த பெரியவர்களும் ஆசைப்பட, இரண்டு பேர் உட்காரும் நாலு சக்கர ‘வெலோகார்’ விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரான்சைப் பிடித்தபோது பெட்ரோல் கிடைக்கவில்லை. வெலோகாருக்கு ஏக கிராக்கி. அதே சமயம் நம் தமிழ்நாட்டில் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடின. போர் முடிந்தது, பெட்ரோல் வந்தது, பெடல் கார் திரும்பவும் மூலைக்குப் போனது.

* * *

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே மூன்று சக்கர மிதிவண்டி வேறு உருவத்தில் வந்தது. சைக்கிள் ரிக்‌ஷா!

மனிதனை மனிதன் கையால் இழுக்கிற கை ரிக்‌ஷாவோடு ஒப்பிட்டால் சைக்கிள் ரிக்‌ஷா ஒரு முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. 1971-ல் எம்.ஜி.ஆர். ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் அதை மிதித்து அதற்கு ஒரு கம்பீரத்தையே கொடுத்தார். 1973-ல் கலைஞர் ஆட்சியில் தமிழகத்தில் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா தரப்பட்டது.

ஆனால் அந்த வண்டியை ஒரு மெக்கானிக் கண்ணோடு பாருங்கள். பின்னால் இரண்டு சக்கரம். செயின் இழுப்பது பெரும்பாலும் அதில் ஒன்றை மட்டும். மற்றது சும்மா உருளும். ஒரே கியர். காலி வண்டிக்கும் அதே, மூன்று பேர் ஏறினாலும் அதே, பாலம் ஏறினாலும் அதே. பிரேக் முன்சக்கரத்தில் மட்டும். முக்கால்வாசி எடை பின்னால்! மகாராணிக்காக 1881-லேயே தயாராக இருந்த டிஃபரன்ஷியல், நூறு வருஷம் கழித்தும் ரிக்‌ஷாக்காரர் கால் வரைக்கும் வந்து சேரவில்லை. ஏன்? இங்கே மிதிப்பவர் வேறு, காசு கொடுப்பவர் வேறு. அநேகமாக வண்டியின் முதலாளியும் வேறு. மிதிக்கிறவருடைய தொடை வலிக்கிறது என்பதற்காக யாருக்கும் ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை.

இதை மாற்றப் பார்த்தவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எஞ்சினீயரிங் சொல்லிக் கொடுத்த ஸ்டூவர்ட் வில்சன் 1970-களில் ‘ஆக்ஸ்ட்ரைக்’ என்ற மூன்று சக்கர வண்டியை வடிவமைத்தார். மூன்று கியர். பின்சக்கரங்களுக்குக் காலால் அழுத்துகிற பிரேக். ஏழை நாடுகளின் சின்னப் பட்டறைகளிலேயே இரும்புத் தகட்டை வளைத்துச் செய்துகொள்ளும்படியான சட்டம். எல்லாம் சரி. ஆனால் சாதாரண ரிக்‌ஷா அதைவிட மலிவு. மலிவு ஜெயித்தது.

மிதிக்கிறவர் பக்கம் நின்று ஒரு மெஷினை யோசித்த இன்னொரு முயற்சி இந்தியாவிலேயே நடந்தது. அதற்கும் திருப்பூர் உலகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

பனியனுக்கு முன்னால் திருப்பூர் கதர் ஊர். 1920-களில் தமிழ்நாட்டின் முக்கியமான கதர் மையங்களில் ஒன்று. கொடி காத்த குமரன் 1932 ஜனவரியில் அடிபட்டு உயிர்விட்டது இந்த மண்ணில்தான். அந்தக் கதர் இயக்கத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. ராட்டையில் நாள் முழுக்க நூற்றாலும் கூலி கைக்கும் வாய்க்கும் எட்டவில்லை. 1929-ல் காந்தியின் அகில இந்திய நூற்போர் சங்கம் ஒரு போட்டி அறிவித்தது. நல்ல ராட்டையைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு ஒரு லட்சம் ரூபாய்! அன்றைக்கு ஒரு லட்சம் என்றால் எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

பரிசைவிட அதன் நிபந்தனைகள்தான் முக்கியம். மெஷின் லேசாக இருக்க வேண்டும். கையாலோ காலாலோ, உடம்புக்கு இயல்பான முறையில், கிராமத்துக் குடிசையில் வைத்து ஓட்டும்படி இருக்க வேண்டும். ஒரு பெண் அதிகம் களைப்படையாமல் எட்டு மணி நேரம் ஓட்ட முடிய வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தில் 16,000 கெஜம் நூல் வர வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. இருபது வருஷம் உழைக்க வேண்டும். ரிப்பேர் செலவு வருஷத்துக்கு விலையில் ஐந்து சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. கிர்லோஸ்கர் தொழிற்சாலையிலிருந்துகூட ஒரு மெஷின் வந்தது. ஆனால் எல்லா நிபந்தனைகளையும் எதுவும் தாண்டவில்லை. பரிசு யாருக்கும் போகவில்லை.

தோற்றுப்போன போட்டிதான். ஆனாலும் அந்த நிபந்தனைப் பட்டியலை இன்றைக்கும் எஞ்சினீயரிங் காலேஜ் சுவரில் மாட்டி வைக்கலாம். மனித பலத்தில் ஓடுகிற மெஷின் எதுவானாலும் அதை எங்கிருந்து யோசிக்க ஆரம்பிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மெஷினிலிருந்து அல்ல, ஓட்டப்போகிற உடம்பிலிருந்து!

* * *

இப்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கரடுமுரடான பாதையில் ஓடுகிற நாலு சக்கர சைக்கிள் ஒன்றைச் செய்து பார்ப்போமா? தாராபுரம், காங்கயம் பக்கத்து மேட்டாங்காட்டு வண்டித்தடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல், குழி, செம்மண், திடீர் மேடு.

முதலில் எஞ்சின். அதாவது கால். ஓரளவு திடமான ஆள் மணிக்கணக்காக மிதித்தால் கிடைக்கும் சக்தி 75-லிருந்து 100 வாட். ஒரு சீலிங் ஃபேன் சுற்றும், அவ்வளவே! சின்ன மொபெட் எஞ்சினின் சக்தியில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆள் 60 கிலோ, வண்டி 50, சரக்கு 50. மொத்தம் 160 கிலோ. பத்தடி போனால் ஒரு அடி ஏறுகிற மேடு என்று வையுங்கள். 100 வாட்டில் இந்த வண்டி மணிக்கு சுமார் 2.3 கிலோமீட்டர்தான் ஏறும். செம்மண்ணின் இழுவையையும் சேர்த்தால் இன்னும் குறையும். நடப்பதைவிட மெதுவு. இங்கேதான் நாலாவது சக்கரத்தின் அருமை தெரியும். இந்த வேகத்தில் சாதாரண சைக்கிள் கீழே சாய்ந்துவிடும். நாலு சக்கரம் சாயாது. நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு, திரும்பவும் மிதிக்கலாம்.

அதற்குக் கியர் வேண்டும். நம் பழைய பெரிய சைக்கிள் ஒரு சுற்று மிதித்தால் ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். இந்த மேட்டில் ஒரு மிதிக்கு 60 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். எட்டில் ஒரு பங்கு! இந்தக் கியர் இல்லாததால்தான் சுமை வண்டிக்காரர்கள் மேட்டைக் கண்டதும் இறங்கி, முதுகை வளைத்துத் தள்ளுகிறார்கள். உடம்பின் பெரிய தசைகளில் ஒன்று தொடையில் இருக்கிறது. அதைச் சும்மா விட்டுவிட்டு, பாரத்தை இடுப்புக்குக் கொடுக்கிறோம்.

அடுத்த பிரச்னை நம் வீட்டிலேயே இருக்கிறது. சமமில்லாத தரையில் முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும். மூன்று கால் எப்படியும் தரையைத் தொட்டுவிடும், நாலில் ஒன்று தொங்கும். மூன்று சக்கர வண்டிக்கு அந்த வசதி உண்டு. ஆனால் வேகமாகத் திருப்பினால் குடை சாயும். நாலு சக்கரம் சாயாது. ஆனால் குழியில் ஒன்று அந்தரத்தில் தொங்கும். இதற்கு மருந்து டிராக்டரில் இருக்கிறது. டிராக்டரின் முன்அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்கி, தராசு மாதிரி ஏறி இறங்கும். அதையே செய்துவிட்டால் முன்சக்கரம் கல்லில் ஏறினாலும் பின்சக்கரம் இரண்டும் தரையை விடாது.

மூன்றாவது, சக்கரம். சைக்கிள் சக்கரம் நேர்பாரத்துக்குக் கெட்டி, பக்கவாட்டு அழுத்தத்துக்கு நோஞ்சான். இரண்டு சக்கர சைக்கிள் திரும்பும்போது தானே சாய்ந்துகொள்வதால் தப்பிக்கிறது. நாலு சக்கர வண்டி சாயாதல்லவா? திருப்பத்தில் மொத்த பாரமும் குறுக்கே விழும். ஸ்போக்ஸ் தெறிக்கும். சைக்கிள் கடையில் தினமும் கோட்டம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனவே சின்னச் சக்கரம், தடித்த ஸ்போக்ஸ், அகலமான ஹப்.

நாலாவது, நம் ஸ்டார்லியின் டிஃபரன்ஷியல். ரோட்டுக்கு அது ராஜா. காட்டுப் பாதையில் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் சுழற்சி முழுக்க அதற்கே போய்விடும். மற்ற சக்கரம் அப்படியே நிற்கும். அதனால் இரண்டு பின்சக்கரத்துக்கும் தனித்தனியே ஃப்ரீவீல் கொடுப்பது ஒரு எளிய வழி. மிதிக்கும்போது இரண்டும் பிடிக்கும். திரும்பும்போது வெளிச்சக்கரம் தானே முந்திக்கொள்ளும். ஃப்ரீவீல் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கிற சாமான். பிரேக் மட்டும் பின்சக்கரங்களுக்கும் கட்டாயம்.

இதெல்லாம் கற்பனை இல்லை. 1971-ல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலாவில் ஒரு நாலு சக்கர வண்டி ஓட்டினார்கள். கம்பி வலையில் பின்னிய சக்கரம், ஒவ்வொன்றுக்கும் கால் குதிரைசக்தி மின்மோட்டார். அந்த வண்டியின் ஞாபகமாக 1994-லிருந்து அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் நாசா மாணவர்களுக்கு ஒரு பந்தயம் நடத்த ஆரம்பித்தது. மாணவர்கள் தாங்களே வடிவமைத்த பெடல் வண்டியில், ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக உட்கார்ந்து, செயற்கை நிலாப் பள்ளங்களிலும் மேடுகளிலும் மிதித்துக் கடக்க வேண்டும். தொடக்க காலத்தில் வண்டியை மடித்து நாலடிப் பெட்டிக்குள் அடக்கியும் காட்ட வேண்டியிருந்தது. இந்திய மாணவர்களும் போய் மிதித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆக, கரடுமுரடான பாதையில் நாலு சக்கர சைக்கிள் ஓடும் என்பது நிரூபணமான விஷயம். நிலாவுக்காக யோசித்தது நம் மேட்டாங்காட்டுக்குப் பொருந்தாதா என்ன?

* * *

இதைச் செய்ய வேண்டிய ஊர் எது என்று கேட்டால் நான் கோவை, திருப்பூர் பக்கம்தான் கை காட்டுவேன். லேத் பட்டறையும் வெல்டிங் பட்டறையும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் டீக்கடை மாதிரி. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்றவர். திருப்பூரில் பருத்தி அரவை ஆலை நடத்தியவர். அவர் காலத்தில்தான் கோவையில் 1937-ல் மின்மோட்டார் செய்யப்பட்டது. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் சின்னக் கார் ஒன்றை 2,000 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று செய்து காட்டினார். உரிமம் கிடைக்கவில்லை. ஆனால் கழற்றிப் பார்க்கிற புத்தி மட்டும் இந்த மண்ணில் தங்கிவிட்டது.

தேவையும் இங்கே இருக்கிறது. பனியன் தொழில் தொடங்கிய காலத்திலிருந்து திருப்பூரில் சரக்கு ஒரு இடத்தில் நின்றதே இல்லை. நிட்டிங் ஒரு இடம், சாயப்பட்டறை ஒரு இடம், கட்டிங் ஒரு இடம், பவர் டேபிள் ஒரு இடம், பிசிர் வெட்டி மடிப்பது இன்னொரு சந்து. ஒரு பனியன் கடைக்குப் போவதற்குள் ஊரையே சுற்றிவிடும்! மொபெட்டும் குட்டி யானையும் வந்து பாதிச் சுமையை எடுத்துக்கொண்டன. நல்லதுதான். ஆனால் சந்துக்குள் தள்ளுவது இன்னும் ஆள்தான்.

நம் நகரங்களில் குப்பை அள்ளும் அக்காக்கள் தள்ளிய மூன்று சக்கர வண்டிகளை நினைத்துப் பாருங்கள். பெடல் இருக்கும், சீட்டும் இருக்கும். ஆனால் மிதித்துப் போனவர்கள் எத்தனை பேர்? முக்கால்வாசிப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். சேலை கட்டிய ஒரு பெண், நிறைந்த குப்பையோடு, ஒரே கியரில் எப்படி மிதிப்பாள் என்று அந்த வண்டியை வரைந்தவர் யோசிக்கவே இல்லை. நூற்று நாற்பது வருஷம் முன்னால் கவென்ட்ரியில் நீளப் பாவாடைக்காக யோசித்தார்கள்! இப்போது பல ஊர்களில் பேட்டரி வண்டி வந்துவிட்டது. வரட்டும். மிதிக்கிற வண்டியில் ஒரு சின்ன மோட்டாரைச் சேர்த்தால்கூட, மேற்சொன்ன நாலு கணக்கும் மாறாது. சட்டம், சக்கரம், பிரேக், கியர் எல்லாம் சரியாக இருந்தால்தான் பேட்டரியும் நிற்கும்.

ரிப்பன் தொழில் நொடிந்தபோது கவென்ட்ரி தன் தையல் மெஷின் புத்தியை சைக்கிளுக்குக் கொண்டுபோனது. திருப்பூருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை, வரவும் வேண்டாம். பனியனுக்கு நடுவே கொஞ்சம் இரும்பும் வளைக்கலாம். எந்த எஞ்சினீயரிங் மாணவனாவது இதைப் படித்துவிட்டு ஒரு வண்டி வரையத் தொடங்கினால், 1929-ன் அந்த ஒரு வரியை மட்டும் தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ளட்டும்: ஒரு பெண், எட்டு மணி நேரம், அதிகம் களைப்படையாமல்.

அந்தப் பரிசு இன்னும் யாரும் வாங்காமல்தான் கிடக்கிறது.